ரீட்டா ஃபாரியா வாய்ப்பைக் கோட்டை விட்டாரா?

11 மே 2025, மாலை: வாசகர் ஒருவர் கேட்டது

ஹைதராபாத்தில் மிஸ் வேர்ல்ட் தொடங்கிவிட்டது. எல்லாரும் ஐஸ்வர்யா ராய், பிரியங்கா சோப்ரா என்று பேசுகிறார்கள். 1966லேயே ஜெயித்த ரீட்டா ஃபாரியாவை யாருக்கும் தெரியவில்லை. என் கருத்து: அந்தம்மா வந்த லட்சுமியை வாசலோடு திருப்பி அனுப்பியவர். உலக அழகி பட்டம் கையில் இருக்க, சினிமா வேண்டாம், விளம்பரம் வேண்டாம் என்று ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போனால் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? தையல்கார அக்கா இதில் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

11 மே, இரவு 11.05

தையல்கார அக்காவுக்கு இன்று ஏழு ப்ளவுஸ் கொக்கி கட்ட வேண்டியிருந்தது. இப்போதுதான் மிஷினை மூடினேன்.

தம்பி, கோட்டை விட்டார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 1943இல் பம்பாயில் கோவாக்காரக் குடும்பத்தில் பிறந்தவர், கிராண்ட் மெடிக்கல் காலேஜில் படித்துக்கொண்டிருந்தவர். மிஸ் பம்பாய், அப்புறம் ஈவ்ஸ் வீக்லி நடத்திய மிஸ் இந்தியா, அப்புறம் 1966 நவம்பர் 17இல் லண்டன் லைசியம் பால்ரூமில் மிஸ் வேர்ல்ட். எல்லாம் ஒரே வருஷத்தில். ஒரு வருஷம் கிரீடத்துக்கு உழைத்தார். வருஷம் முடிந்ததும் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவப் படிப்பைத் தொடர்ந்தார். 1971இல் டாக்டர் டேவிட் பவலைக் கல்யாணம் செய்துகொண்டார், 1973இல் டப்ளினுக்குக் குடிபோனார். இதில் எது நஷ்டம்?

என் கடைக்கு வருகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாதுதான். ஐஸ்வர்யாவைத் தெரியும். சரி, அதனால் என்ன?

12 மே, காலை 7.30

ராத்திரி அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். எனக்கு அந்தம்மா மேல் பிரியம் வந்ததே துணி விஷயத்தில்தான்.

லண்டன் போகும்போது அவரிடம் சொந்தமாகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. சேலை ஒரு சிநேகிதியிடம் இரவல். நீச்சலுடை பெர்ஸிஸ் கம்பாட்டாவிடம் இரவல். பெர்ஸிஸ் அதற்கு முந்தைய வருஷத்து மிஸ் இந்தியா. பின்னாளில் ஹாலிவுட் போய் ஒரு படத்துக்காகத் தலையை மழித்துக்கொண்டவர். கையில் மூன்று பவுண்டு. அன்றைக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு அரசாங்கம் அவ்வளவுதான் கொடுக்கும். நம் பணத்தில் நாற்பது ரூபாய்.

போய்ப் போட்டுப் பார்த்தால் நீச்சலுடை சேரவில்லை. ரீட்டா ஐந்தடி எட்டங்குலம். இதைப் படித்தபோது நான் தனியாகச் சிரித்தேன். காரணம் சொல்கிறேன். ப்ளவுஸ் சிறுத்துப் போனால் பக்கத் தையலைப் பிரித்து உள்ளே விட்டிருக்கும் துணியை வெளியே எடுக்கலாம். சுடிதார் டாப் நீளம் போதவில்லையா, பட்டி வைத்துக் கொடுக்கலாம். ஒரே துண்டாகத் தைத்த நீச்சலுடையில் தோளிலிருந்து தொடையிடுக்கு வரைக்கும் உள்ள அளவு ஒரு அங்குலம் குறைந்தாலும் கதை முடிந்தது. அகலம் இழுவைத் துணியில் கொடுக்கும், நீளம் கொடுக்காது. தோளில் வெட்டும். பிரிக்கவும் தையல் இருக்காது, ஒட்டவும் இடம் இருக்காது. எங்கப்பா பாஷையில் அது "திருத்தத்துக்கு அடங்காத துணி".

அந்த மூன்று பவுண்டையும் கொட்டித்தான் புது நீச்சலுடையும் குதிகால் செருப்பும் வாங்கினார். கடைசியில் நீச்சலுடைச் சுற்றிலும் அவருக்குத்தான் பரிசு, இரவல் சேலை கட்டிய மாலை உடைச் சுற்றிலும் அவருக்குத்தான் பரிசு. பந்தயக் கடைக்காரர்கள் அவர் பெயருக்கு ஒன்றுக்கு அறுபத்தாறு என்று விலை வைத்திருந்தார்கள். யாரும் அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று அர்த்தம்.

12 மே, பிற்பகல் 2.10

நாற்பது ரூபாய் தப்பு. கீழே ஒரு பேங்க் ரிட்டயர்டு சார் குட்டு வைத்திருக்கிறார். வைத்தது சரிதான். 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாய் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து ஏழரை ரூபாய்க்குப் போனது. பவுண்டு பதிமூன்று சொச்சத்திலிருந்து 21க்கு. ஆக நவம்பரில் மூன்று பவுண்டு என்றால் 63 ரூபாய். ஆறு மாதம் முன்னால் போட்டி நடந்திருந்தால் நான் சொன்ன நாற்பது. சார், கணக்கு வாத்தியார் மாதிரி சிவப்பு மையில் எழுத வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன்.

63 ரூபாயில் லண்டனில் நீச்சலுடையும் செருப்பும். அன்றைக்கு விலை அப்படி இருந்திருக்கிறது.

13 மே, இரவு 10.50

கேள்வி கேட்ட தம்பி விடுவதாக இல்லை. "அக்கா, படிப்பை அப்புறம் முடித்திருக்கலாமே, கிரீடம் ஒரு தடவைதானே வரும்" என்கிறார்.

எங்க ஆத்தா ஒரு பழமொழி சொல்லும்: இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம். அடுத்தவர் சேலை நாளைக்குப் போய்விடும், கட்டியிருந்த கந்தையும் போச்சு என்றால் எதைக் கட்டுவாய்? ரீட்டா எறியவில்லை. அவ்வளவுதான். மிஸ் வேர்ல்ட் கிரீடமே இரவல்தானே. அடுத்த நவம்பரில் இன்னொரு பெண் தலையில் நீங்களே கொண்டுபோய் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்க வேண்டும். ரீட்டாவுக்கு முன்னால் 1965இல் ஜெயித்தவர் ஒரு இங்கிலாந்துக்காரி. 1967இல் இன்னொருவர்.

கிரீடம் இறங்குகிற விஷயத்தில் கொழும்பு மேடையை மறக்க முடியுமா? 2021 ஏப்ரல். திருமதி ஸ்ரீலங்கா போட்டி. ஜெயித்த பெண் விவாகரத்தானவர், அவருக்குத் தகுதி கிடையாது என்று சொல்லி, அப்போதைய திருமதி உலக அழகி மேடையிலேயே கிரீடத்தைப் பிடுங்கி அடுத்தவர் தலையில் வைத்தார். பிடுங்கியதில் அந்தப் பெண்ணுக்குத் தலையில் காயம். அவர் விவாகரத்தானவர் இல்லை, பிரிந்து வாழ்கிறவர் என்று அப்புறம் தெளிவாகி, கிரீடம் திரும்பி வந்தது. நான் அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன். முடியோடு சேர்த்துக் குத்தியிருந்த கொண்டை ஊசிகளைப் பிடுங்கின வேகம் இருக்கிறதே. மணப்பெண் தலையில் நெத்திச்சுட்டி கழற்றுகிற பியூட்டி பார்லர் பிள்ளை கூட அதைவிட மெதுவாகச் செய்யும்.

15 மே, இரவு 9.40

ஹைதராபாத் செய்தி பார்த்தீர்களா? ராமப்பா கோவிலுக்கு அழகிகளைக் கூட்டிப்போய், உள்ளே போகும் முன் நம் பெண்களை விட்டுக் கால் கழுவ வைத்து, துண்டால் துடைக்க வைத்திருக்கிறார்கள். விருந்தாளி உபசாரம் என்று ஒரு கட்சி, அவமானம் என்று ஒரு கட்சி. கோவில் வாசலில் குழாய் இருந்தால் அவரவர் காலை அவரவர் கழுவிக்கொள்வார்கள். இதில் இவ்வளவு தத்துவம் எதற்கு?

இடையில் என் சொந்தக் கதை. என் கூடப்பிறந்த தம்பி மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். காலேஜ் ஆண்டு விழாவில் அழகிப் போட்டியாம். "மிஸ்" பட்டம், ரிப்பன் எல்லாம் உண்டாம். போனில் சொல்கிறாள்: "அத்தை, அம்மாவோட கல்யாணப் பட்டைக் கட்டப்போறேன், ப்ளவுஸ் மட்டும் புதுசா வேணும், 30ஆம் தேதி ப்ரோக்ராம்." அளவு ப்ளவுஸ் கொடுத்துவிடுடி என்றால், "போன வருஷத்து அளவு உங்ககிட்ட இருக்குல்ல" என்கிறாள். இருக்கிறது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இவளும் இரவல் சேலைதான் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

16 மே, பின்னிரவு 12.30

தூக்கம் வரவில்லை. ஒன்று எழுத வேண்டும் என்று நாலு நாளாக உறுத்துகிறது. ரீட்டாவைப் பற்றி நான் இதுவரை எழுதியதைத் திரும்பிப் படித்தால் கோவில் சிலைக்குப் பொட்டு வைத்த மாதிரி இருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் என்ன நடந்தது என்று நான் சொல்லவே இல்லை.

கிரீடம் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பரில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் வியட்நாமில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நடத்தப் போகிறார். வருஷா வருஷம் போவார். கூடவே ஃபில்லிஸ் டில்லர், ஜோயி ஹெதர்ட்டன், அனிதா பிரயண்ட் என்று ஒரு பட்டாளம். அந்த வருஷம் மிஸ் வேர்ல்டும். ரீட்டா போனார்.

இதை அழகிப் போட்டிக் கதையாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஊர்க் கதையாகப் பாருங்கள். வியட்நாமில் சமாதான உடன்படிக்கையைக் கண்காணிக்கிற சர்வதேசக் குழு ஒன்று இருந்தது, இந்தியா, கனடா, போலந்து மூன்றும் சேர்ந்து. அதன் தலைமை இந்தியாவிடம். நடுநிலை என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நாடு. அந்த நாட்டுப் பெண் ஒரு தரப்புச் சிப்பாய்களுக்குக் கையாட்டப் போகிறார். இன்னொரு பக்கம் பஞ்சம். அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வருகிற கோதுமையில்தான் ரேஷன் ஓடுகிறது. இந்திரா காந்தி வியட்நாமில் குண்டு போடுவதை நிறுத்தச் சொன்னதும் ஜான்சன் கப்பலை இழுத்துப் பிடித்து இழுத்துப் பிடித்து அனுப்புகிறார். தில்லி எவ்வளவு கடுப்பாகியிருக்கும்? ரீட்டா போவதைத் தில்லி விரும்பவில்லை. பாஸ்போர்ட்டில் கைவைக்கிற பேச்சு வரைக்கும் போனது.

அவருக்கு 23 வயது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போட்டியை நடத்தும் மெக்கா கம்பெனி இந்த வருஷம் முழுக்க எங்கே போகச் சொன்னாலும் போக வேண்டும். கடை திறப்பு விழாவும் சரி, போர்முனையும் சரி.

நான் அன்றைக்கு என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். போயிருப்பேன். 23 வயதில் எனக்கு வியட்நாம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் அதனால் அது சரி ஆகிவிடாது. நாபாம் பட்டு வெந்த குழந்தைகள் இருந்த ஊர். டாக்டருக்குப் படிக்கிற பெண் அங்கே மேடையில் நின்று சிரித்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார். எனக்கு இரண்டையும் ஒரே பார்சலில் கட்டத் தெரியவில்லை.

16 மே, காலை 8.15

ராத்திரி எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

"அவருக்குச் சொந்த புத்தி கிடையாதா, கம்பெனி மேல் பழியைப் போடுகிறீர்களே" என்று ஒருவர். நான் அப்படிச் சொல்லவில்லையே ஐயா. போயிருப்பேன் என்று என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

17 மே, மாலை 6.00

"ஆசியாவின் முதல் அழகிப் பட்டம் ரீட்டா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மிஸ் வேர்ல்டில் முதல் ஆசியப் பெண், அது சரி. மிஸ் யூனிவர்ஸில் 1959லேயே ஜப்பானின் அகிகோ கொஜிமா, 1965இல் தாய்லாந்தின் அபஸ்ரா. இரண்டும் வேறு வேறு போட்டி, வேறு வேறு முதலாளி. ரீட்டாவுக்குப் பிறகு அடுத்த இந்திய மிஸ் வேர்ல்ட் வர 28 வருஷம் ஆனது என்பதைத்தான் நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். 1966, அப்புறம் நேராக 1994. பிறகு ஆறு வருஷத்தில் மூன்று பேர்: 1997, 1999, 2000. பெண்கள் திடீரென்று அழகாகிவிட்டார்களா? 1991இல் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்தாயிற்று, ஷாம்பு கம்பெனிக்கு முகம் வேண்டும். எங்கள் தெருவில் முதல் பியூட்டி பார்லர் 1995இல் வந்தது. அதுவரை புருவம் திருத்துவது என்றால் என்னவென்று எங்கம்மாவுக்குத் தெரியாது.

19 மே, இரவு 10.00

இன்று கடையில் கூட்டமில்லை, மழை. நீச்சலுடைக்கே திரும்புகிறேன், மன்னிக்கவும், தொழில் புத்தி.

மிஸ் வேர்ல்ட் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1951, லண்டனில் பிரிட்டன் திருவிழா. அதில் கூட்டம் சேர்க்க எரிக் மோர்லி என்கிறவர் போட்ட நீச்சலுடைப் போட்டி. முதல் கிரீடம் ஸ்வீடன் பெண்ணுக்கு, பிகினியில். அடுத்த வருஷத்திலிருந்து பிகினி வேண்டாம் என்று மாற்றினார்கள்.

மிஸ் யூனிவர்ஸ் கதை இன்னும் ருசி. மிஸ் அமெரிக்கா 1951 பட்டம் வாங்கிய யோலாண்ட் பெட்பீஸ், இனி நீச்சலுடையில் ஊர் ஊராக நிற்க மாட்டேன், நான் பாட்டுக்காரி என்று சொல்லிவிட்டார். பணம் கொடுத்த கட்டாலினா நீச்சலுடைக் கம்பெனிக்குக் கோபம். நீ போடாவிட்டால் போ, போடுகிறவர்களை வைத்து நாங்களே போட்டி நடத்துகிறோம் என்று 1952இல் கலிஃபோர்னியா லாங் பீச்சில் மிஸ் யூனிவர்ஸைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பெண் துணி போட மறுத்ததில் பிறந்த போட்டி. தைக்கிறவர்கள் நினைத்தால் பிரபஞ்சத்துக்கே அழகியைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் சங்கத்தில் சொன்னால் நாளைக்கே ஒன்று தொடங்கிவிடுவார்கள், மிஸ் மீனாட்சி பஜார்.

அந்த முதல் மிஸ் யூனிவர்ஸ், பின்லாந்தின் ஆர்மி கூசலா, வருஷத்தை முடிக்கவே இல்லை. பிலிப்பைன்ஸ் போனார், அங்கே ஒருவரைப் பார்த்தார், கல்யாணம் செய்துகொண்டார், கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோட்டை விட்டவர் பட்டியல் வேண்டும் என்றால் தம்பி அங்கிருந்து தொடங்கலாம்.

20 மே, காலை 10.20

"சுஷ்மிதா சென் மிஸ் யூனிவர்ஸ் மேடையில் போட்ட கவுனை தில்லி சரோஜினி நகர் தையல்காரர் தைத்தார், அதை ஏன் சொல்லவில்லை" என்று ஒரு தங்கச்சி. மனிலா மேடை இல்லை, அதற்கு முந்தைய மிஸ் இந்தியா மேடை, கோவாவில். துணி சரோஜினி நகர் மார்க்கெட். தைத்தவர் பாவாடை தைக்கிற பக்கத்து டெய்லர். கையுறை கடையில் வாங்கவில்லை, புதுக் கறுப்பு சாக்ஸை வெட்டி ஓரம் மடித்தது. அவரே பலமுறை சொன்ன கதை. அந்த ராத்திரி இரண்டாம் இடத்தில் ஐஸ்வர்யா.

சாக்ஸில் கையுறை என்பது அருமையான யோசனை. இழுவை இருக்கிறது, தையல் வேண்டாம், முழங்கை வரை ஏறும். நான் ஒரு மாறுவேடப் போட்டிக் குழந்தைக்குச் செய்து பார்த்திருக்கிறேன்.

22 மே, இரவு 11.30

1996 பற்றி ஏன் பேசவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மதுரைக்காரி, பேசாமல் தப்பிக்க முடியாது என்று தெரியும்.

அப்போது எனக்கு 21 வயது. அப்பா புது மண்டபத்தில் மிஷின் போட்டிருந்தார். அங்கே பார்த்தவர்களுக்குத் தெரியும்: திருமலை நாயக்கர் கட்டிய கல் தூண், தூணில் யாளி, யாளிக்குக் கீழே தையல் மிஷின். சிலையின் முட்டியில் அப்பா டேப்பைத் தொங்கவிடுவார். இப்போது கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியாயிற்று, மண்டபம் காலியாகக் கிடக்கிறது.

பெங்களூரில் மிஸ் வேர்ல்ட் நடக்கப்போகிறது. நடத்துவது அமிதாப் பச்சன் கம்பெனி. கலாச்சாரம் கெடுகிறது என்று ஒரு பக்கம், பெண்ணைச் சரக்காக்குகிறார்கள் என்று இன்னொரு பக்கம், சேரவே சேராத கொடிகள் எல்லாம் ஒரே தெருவில். நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் நடத்தினார்கள். நவம்பர் நடுவில் மதுரையில் ஒரு இளைஞர் போட்டியை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தார். 24 வயது. தையல் தொழிலாளி.

அந்தச் செய்தி மண்டபத்துக்கு எப்படி வந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டீ கொண்டுவந்த பையன் சொன்னான். மிஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. அப்பா கேட்ட ஒரே கேள்வி, "எந்தக் கடைப் பையன்?" எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. அப்பா அன்றைக்கு அப்புறம் தைக்கவில்லை. வெட்டி வைத்த துணியைச் சுற்றிப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நவம்பர் 23, சின்னசாமி ஸ்டேடியத்தில் போட்டி நடந்தது. கிரீஸ் நாட்டுப் பெண் ஜெயித்தார். வீட்டு டிவியில் போட்டோம். போட்டோம் என்பதை ஒளிக்க மாட்டேன். அப்பா பார்த்துக்கொண்டே வந்து, ஒரு கவுனைக் காட்டி "அந்தப் பக்கத் தையல் இழுக்குது பாரு" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

யார் சரி என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் பையனுக்கு இன்று 53 வயது ஆகியிருக்கும்.

23 மே, காலை 7.00

நேற்றைய பதிவுக்கு வந்த சண்டைகளுக்குப் பதில் போட மாட்டேன்.

26 மே, இரவு 10.15

ஒருவர் அழகாக மடக்கியிருக்கிறார். "அக்கா, நீங்கள் ரீட்டாவைப் புகழ்வது அவர் டாக்டர் ஆனதால்தானே? சினிமாவுக்குப் போயிருந்தால் இப்படிப் பேசுவீர்களா? ஐஸ்வர்யாவும் உழைத்துத்தானே நின்றார்?"

மூன்று நாளாக யோசித்தேன். பேசியிருக்க மாட்டேன். இது என் தப்பு என்று நினைக்கிறேன்.

கிரீடத்தை விட்டாள், டாக்டர் ஆனாள், கல்யாணம் கட்டினாள், இரண்டு பெண் பிள்ளை பெற்றாள் என்றால் நம் ஊருக்கு இனிக்கிறது. நல்ல குடும்பத்துப் பெண் கதை. ஆனால் அவர் மேடையை வெறுத்து ஓடியவரும் இல்லை. 1998இல் மிஸ் இந்தியா போட்டிக்கு நடுவராக வந்து உட்கார்ந்தார். மிஸ் வேர்ல்டிலும் நடுவராக இருந்திருக்கிறார். துறவி ஆன மாதிரி நாம்தான் கட்டிவைத்திருக்கிறோம்.

ஐஸ்வர்யா மிஸ் வேர்ல்ட் ஆன பிறகு நடித்து 1997இல் வந்த முதல் படமே தமிழ்ப் படம். அன்றைக்கு அவரைக் கிண்டல் செய்தவர்களில் நானும் உண்டு. 2017இல் ஜெயித்த மானுஷி சில்லர் சோனிபத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார், அவர் சினிமாவுக்குப் போனார். ரீட்டா போனது இந்தப் பக்கம், மானுஷி போனது அந்தப் பக்கம். ஒருத்தியைத் தெய்வமாக்கி இன்னொருத்தியைத் திட்டினால் என் தராசில்தான் கோளாறு.

ஆனாலும் ஒன்று. 2021இல் மிஸ் யூனிவர்ஸ் ஆன ஹர்னாஸ் சந்து உடம்பு போட்டதும் என்ன பேச்சு பேசினார்கள்! கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் வியாதி இருக்கிறது என்று பாவம் அவரே வெளியே சொல்லவேண்டி வந்தது. இரண்டு அங்குலம் கூடினதற்கு ஊருக்கு மருத்துவச் சான்று கொடுக்க வேண்டியிருக்கிறது. டப்ளினில் ஒரு டாக்டரம்மா எத்தனை அங்குலம் கூடினால் யார் கேட்கப் போகிறார்கள்? தம்பி "யாருக்கும் ஞாபகம் இல்லை" என்று குறையாகச் சொன்னாரே, அதில் இந்த வசதியும் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அளவு எடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார்கள். "மூச்சு விடுங்கம்மா, இது மேடை இல்லை" என்று தினமும் சொல்கிறேன். எக்கினபடி எடுத்த அளவில் தைத்தால் சாப்பிட உட்கார்ந்ததும் ஊக்கு தெறிக்கும்.

27 மே, காலை 9.00

மேலே "என் தராசில்தான் கோளாறு" என்றதற்கு தம்பி இருபது கைதட்டல் போட்டிருக்கிறார். ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் கேள்விக்கு என் பதில் மாறவில்லை, கோட்டை விடவில்லை. காரணம் மட்டும் மாறியிருக்கிறது: டாக்டர் ஆனது உயர்ந்தது என்பதால் இல்லை. போட்டிக்குப் போகும்போதே அவர் டாக்டருக்குத்தான் படித்துக்கொண்டிருந்தார், முடிந்ததும் விட்ட இடத்தில் தொடர்ந்தார். பாதி தைத்த துணியை மிஷினில் விட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போவதில்லையா, அது மாதிரி. என்ன, டீ குடிக்கப் போன இடத்தில் உலக அழகி ஆகிவிட்டார்.

1 ஜூன், இரவு 9.30

ஹைதராபாத்தில் நேற்று முடிந்துவிட்டது. தாய்லாந்தின் ஓபல் சுசாதா. பதினாறு வயதில் மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு வேலை செய்கிறார். 108 பேர் நின்ற போட்டி. இங்கிலாந்துப் பெண் பாதியிலேயே விலகி ஊருக்குப் போய்விட்டார். பணக்கார விருந்தினர்களை மகிழ்விக்க உட்கார வைத்தார்கள் என்று அவர் சொல்ல, நடத்தியவர்கள் அப்படி எதுவுமில்லை என்று மறுத்தார்கள். ரீட்டாவின் மூன்று பவுண்டு காலத்திலிருந்து கணக்குப் போட்டால் 59 வருஷம்.

எங்கள் வீட்டுப் போட்டி அதற்கு முந்தின நாள் நடந்தது. தம்பி மகள் ஜெயிக்கவில்லை. மூன்றாவதுகூட இல்லை. நேற்று காலையில் பட்டுச்சேலையைக் கொடுக்க அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தாள். முகம் ஒரு முழத்துக்கு. நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தால், "அத்தை, நடக்கிறப்ப கையைத் தூக்கி ஆட்டச் சொன்னாங்க. தூக்கவே முடியல. பாதியில இப்படியே நின்னுடுச்சு" என்று முழங்கையை மடக்கிக் காட்டுகிறாள், டிராபிக் போலீஸ் மாதிரி.

வாங்கிப் பார்த்தேன். இடது கைக்குழி அரை அங்குலம் பிடித்துத் தைத்திருக்கிறேன். போன வருஷத்து அளவு. ஒரு வருஷம் வார்டில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அவளுக்குத் தோள் அகலமாகிவிட்டது, நான் நோட்டைப் பார்த்து வெட்டியிருக்கிறேன். முப்பது வருஷத் தொழில்.

நல்லவேளை உள்ளே துணி விட்டிருக்கிறேன். ப்ளவுஸை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நாளைக்குக் காலை ஏழு மணிக்கு அவளுக்கு வார்டு டியூட்டி, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வாளாம். இப்போது அதைத்தான் மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.